எல்லை தாண்டும் ஆதரவு: தம்பினிலிருந்து வெளிநாட்டு அரங்குகளுக்கு

காற்பந்து அணியொன்று வெளிநாட்டில் ஆடும்போது அதன் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் வேலைக்கு விடுப்பு எடுத்து, கைக்காசைச் செலவழித்து, கடப்பிதழோடு கிளம்பிவிடுகிறார்கள். எதிரணிக்காகப் பல்லாயிரம் பேர் குரல் கொடுக்கும் அரங்கில், ஒரு மூலையில் ஒதுக்கித் தரப்பட்ட இருக்கைகளில் நின்றபடி தொண்ணூறு நிமிடமும் சொந்த அணியின் பெயரை முழங்குகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இரவோடிரவாகப் பேருந்திலோ விமானத்திலோ திரும்பி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வேலைக்குப் போகிறார்கள். தனிமனித ஆசையில் தொடங்கும் இந்தப் பயணம் கூட்டு முயற்சி இல்லாமல் நடப்பதில்லை. நுழைவுச்சீட்டு, வாகனம், தங்குமிடம், பாதுகாப்பு, ஒழுங்கு எல்லாவற்றையும் பலர் சேர்ந்து முன்கூட்டியே செய்தாக வேண்டும்.

மலேசியத் தமிழர்களுக்கு இந்த வழக்கத்தில் நெடுநாள் பங்கு உண்டு. தோட்டத்துத் திடலில் பந்தாடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று சிங்கப்பூருக்கும் ஜகார்த்தாவுக்கும் பாங்காக்குக்கும் தோஹாவுக்கும் தேசிய அணியின் புலிச்சின்ன ஜெர்சியோடு போகிறார்கள். அந்தப் பயணத்தின் வரலாற்றையும் நடைமுறையையும் ஓர் ஊரிலிருந்து பார்ப்பதானால், நெகிரி செம்பிலானின் தென்கோடியில் இருக்கும் தம்பின் அதற்கு ஏற்ற இடம்.

எல்லையில் ஓர் ஊர்

சிரம்பானிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தென்கிழக்கே, மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது தம்பின். ஊரின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் எல்லைக்கு அந்தப் பக்கம், மலாக்கா மாநிலத்தின் புலாவ் செபாங்கில் இருக்கிறது. சிரம்பான் பாரோய் அரங்கில் ஆடும் நெகிரி செம்பிலான் அணிக்கும், குருபோங்கின் ஹங் ஜெபாட் அரங்கில் ஆடும் மலாக்கா அணிக்கும் இங்கிருந்து போய்வருவது எளிது. இரு மாநில அணிகளின் ஆதரவாளர்களும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் இது.

கெமெஞ்சே, ஆயர் கூனிங், கிம்மாஸ் ஆகியவை தம்பின் மாவட்டத்தில் அடங்கும். ரப்பரும் பின்னர் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள் இந்த வட்டாரமெங்கும் பரவியிருந்தன. கிம்மாஸ், மேற்குக்கரை ரயில்பாதையும் கிழக்குக்கரை ரயில்பாதையும் பிரியும் சந்திப்பு. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரயில்கள் தம்பினையும் கிம்மாஸையும் கடந்தே போயின. 2011 ஜூன் 30 வரை அவை சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் வரை சென்றன. தம்பினில் ஏறியவர் இடையில் வண்டி மாறாமலே வெளிநாட்டில் இறங்கலாம் என்ற நிலை அன்று இருந்தது.

சாலை வழியும் அப்படித்தான். சிம்பாங் அம்பாட்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் ஜொகூர் பாருவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் மின்ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் வரை சென்று, அங்கிருந்து விமான நிலைய ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். பெருநகரத்தில் பிறக்காத ஒருவருக்கும் வெளிநாட்டு அரங்கு எட்டும் தூரத்தில் இருப்பதற்கு இந்தப் பாதைகளே காரணம்.

திடலில் கற்ற பாடம்

பால்மரம் வெட்டும் வேலை விடியற்காலைப் பெரட்டோடு தொடங்கி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்ததும் பிற்பகலில் முடிந்துவிடும். எஞ்சிய மாலைப்பொழுது தோட்டத்து இளைஞர்களுக்குச் சொந்தம். லயங்களுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அருகே நிர்வாகம் ஒதுக்கிய திடல் இருந்தது. பந்து ஒன்று இருந்தால் இருபது பேர் ஆடலாம் என்பதால், குறைந்த கூலி வாழ்க்கையில் காற்பந்து இயல்பாக வேரூன்றியது.

ஆட்டம் ஒரே தோட்டத்துக்குள் நின்றுவிடவில்லை. பக்கத்துத் தோட்டத்தோடு ஆடுவதற்கு அணி கிளம்பும்போது ஆதரவாளர்களும் கிளம்பினார்கள். லோரியின் பின்புறத்தில் ஆட்டக்காரர்களும் ஊராரும் நெருக்கியடித்து ஏறிப் போவதும், மாற்றான் திடலின் ஓரத்தில் கூடி நின்று குரல் கொடுப்பதும், தோற்றாலும் சேர்ந்தே திரும்புவதும் தோட்டத்து வாழ்க்கையின் பகுதிகள். வெளியூர் ஆதரவின் அடிப்படைகள் எல்லாம் அங்கேயே இருந்தன: வண்டிக்குப் பங்கு போடுவது, சாப்பாட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது, சண்டை மூண்டால் விலக்கிவிடப் பெரியவர்கள் கூடவே போவது.

அந்தத் தலைமுறைகள் நாட்டுக்கு மிகச் சிறந்த ஆட்டக்காரர்களையும் தந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா முதல்முறையாகக் காற்பந்தில் களமிறங்கியபோது அணித்தலைவராக இருந்தவர் எம். சந்திரன். அந்தப் போட்டியில் மலேசியா அமெரிக்காவை 3-0 என வென்றது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்டவர். மாஸ்கோ போட்டியை மலேசியா புறக்கணித்ததால் அந்த அணி ஒலிம்பிக் களத்தைக் காணவில்லை. மியூனிக் வரை பயணம் செய்யும் வசதி அன்றைய தோட்டப் பாட்டாளிக்குக் கிடையாது. வானொலியும் நாளிதழுமே அவர்களுக்கு வெளிநாட்டு அரங்கைக் காட்டின.

ஒரே கிண்ணம், இரண்டு நாடுகள்

வெளிநாட்டுப் பயண ஆதரவு சாதாரண மக்களுக்குக் கைகூடியதில் மலேசியக் கிண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ‘மலாயா’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய அந்தக் கிண்ணத்துக்கான போட்டி 1921இல் தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அது இந்தக் கிண்ணத்துக்காக ஆடியது. ஆக, கல்லாங்கில் 1973இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கில் ஆடப்போன ஒவ்வொரு மலேசிய மாநில அணியும், அதைப் பின்தொடர்ந்த ஆதரவாளர்களும் எல்லை தாண்டி வேற்று நாட்டுக்கே போனார்கள். நெகிரி செம்பிலான் ஆதரவாளர்களுக்கும் மிக அருகில் இருந்த வெளிநாட்டு அரங்கு அதுதான்.

எதிர்த்திசைப் பயணம் இன்னும் பெரியது. 1977இலும் 1980இலும் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சிங்கப்பூர் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவர் சமது அல்லாபிச்சை. அவருக்கு முந்திய தலைமுறையில் வளைந்து பறக்கும் உதைகளுக்குப் பேர்போன எஸ். ராஜகோபால், பிந்திய தலைமுறையில் வி. சுந்தரமூர்த்தி எனச் சிங்கப்பூர் அணியிலும் தமிழர்கள் முத்திரை பதித்தார்கள். ஜொகூர் நீரிணைக்கு இரு புறமும் உறவினர்களைக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இரு அணிகளையும் நெருக்கமாக அறிந்திருந்தன.

1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டம் இந்தப் பயண மரபின் உச்சம். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், செப்டம்பர் 8இல்தான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்துவைக்கப்பட்டிருந்தது. அந்தப் புதிய சாலை வழியாகச் சிங்கப்பூர் ஆதரவாளர்கள் பேருந்துகளிலும் கார்களிலும் பல்லாயிரக்கணக்கில் மலாக்காவையும் நெகிரி செம்பிலானையும் கடந்து வடக்கே போனார்கள். எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கின் பெரும்பகுதி அவர்களால் நிறைந்தது. அப்பாஸ் சாட் மூன்று கோல்கள் அடிக்க, பகாங்கை 4-0 என வீழ்த்திச் சிங்கப்பூர் கிண்ணத்தைக் கொண்டுசென்றது. வேறொரு நாட்டின் மண்ணில் ஆதரவாளர் கூட்டம் ஓர் அரங்கையே தன்வசமாக்கிய நிகழ்வுகள் தென்கிழக்காசியாவில் அரிது.

அந்த வெற்றியோடு சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. நுழைவுச்சீட்டு வருமானப் பங்கீடு குறித்த கருத்து வேறுபாடும், அக்காலத்து ஆட்ட நிர்ணய ஊழலும் பின்னணியில் இருந்தன. 2012 முதல் 2015 வரை ‘லயன்ஸ் 12’ என்ற பெயரில் சிங்கப்பூர் அணி மீண்டும் மலேசிய லீக்கில் ஆடியது. வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் 2013இல் அது மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. அந்த நான்கு ஆண்டுகளும் மலேசிய மாநில அணிகளின் ஆதரவாளர்களுக்கு ஜாலான் புசார் அரங்கு லீக் ஆட்டத்துக்கே போய்வரும் வெளிநாட்டு அரங்காக இருந்தது.

பாரோயிலிருந்து பயிற்சி

வெளிநாட்டுக்குப் போகும் ஆதரவாளர் பெரும்பாலும் உள்நாட்டில் பழகியவர். நெகிரி செம்பிலான் அணியின் ஆதரவாளர்கள் மாநிலத்துக்கு வெளியே கூட்டமாகப் போகப் பழகிய காலம், அணியின் பொற்காலமும்கூட. 1948க்குப் பின் 61 ஆண்டுகள் கைக்கு எட்டாதிருந்த மலேசியக் கிண்ணத்தை, 2009 நவம்பர் 7 அன்று புக்கிட் ஜாலிலில் கிளந்தானை 3-1 என வென்று நெகிரி செம்பிலான் கைப்பற்றியது. 2011இல் ஷா ஆலாமில் திரெங்கானுவை 2-1 என வென்று மறுபடியும் கிண்ணம் சிரம்பானுக்கு வந்தது. ‘ஹோபின் ஜாங் ஹோபின்’ என்ற மாநில முழக்கம் அந்த அரங்குகளில் எதிரொலித்தது. ‘அல்ட்ராஸ் நோகோரி’ போன்ற ஆதரவாளர் குழுக்கள் பேருந்து ஏற்பாடு, பதாகை, முரசு, ஒரே குரலில் பாடும் ஒழுங்கு ஆகியவற்றை முறைப்படுத்தின.

அந்த ஆண்டுகளில் நெகிரி செம்பிலானுக்கு ஆடிய எஸ். குணாளன் தேசிய அணியிலும் இடம்பெற்றார். 2021இல் அணி மலேசிய பிரிமியர் லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு உயர்ந்தபோது பயிற்சியாளர் கே. தேவன். மாநில அணியில் தமிழ் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் இருந்தது, தோட்டங்களிலிருந்து நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு அணியோடு இருந்த நெருக்கத்தைக் கூட்டியது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, திடல்கள் புதர்மண்டிய பிறகும் காற்பந்து அந்தக் குடும்பங்களை விட்டுப் போகவில்லை.

ஜகார்த்தா: மகிழ்ச்சியும் அச்சமும்

தேசிய அணியைப் பின்தொடர்ந்து வெளிநாடு போகும் மலேசியர்களின் நினைவில் 2010ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அப்போது தேசியப் பயிற்சியாளர் கே. ராஜகோபால். அதற்கு முந்திய ஆண்டு லாவோஸின் வியஞ்சானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர் அவர். 2010 டிசம்பர் 1 அன்று ஆசியான் கிண்ணக் குழு ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 எனத் தோற்றது. அதே அணி மீண்டெழுந்து, அரையிறுதியில் வியட்நாமைத் தாண்டி, டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவை 3-0 என வென்றது.

மூன்று நாள் கழித்து இரண்டாம் ஆட்டம், ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கில். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிறைந்த அரங்கில் மலேசிய ஆதரவாளர்கள் சிறு கூட்டம். முற்பாதியில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த பெனால்டியைக் கோல்காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். பிற்பாதியில் சாஃபி சாலி கோல் அடித்தார். ஆட்டத்தை இந்தோனேசியா 2-1 என வென்றாலும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் மலேசியாவுக்கே வந்தது. இந்த வெற்றிக்காக டிசம்பர் 31 பொதுவிடுமுறையாக அறிவிக்கப்பட்டது. ஒரு தமிழர் பயிற்றுவித்த, பல இனத்தவர் ஆடிய அணிக்காக நாடு முழுவதும் ஒன்றாகக் கொண்டாடிய நாள்கள் அவை. தோட்டத்துப் பின்னணியிலிருந்து வந்த தமிழ் ஆதரவாளருக்கு அந்த ஜெர்சி தம்முடையது என்பதில் எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை.

அதே அரங்கு ஆபத்தையும் காட்டியது. 2011 நவம்பர் 21 அன்று தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவைப் பெனால்டி உதைகளில் வென்றது. அன்று அரங்குக்கு வெளியே நேர்ந்த நெரிசலில் இந்தோனேசிய ரசிகர்கள் இருவர் உயிரிழந்தனர். 2019 செப்டம்பர் 5 அன்று உலகக்கிண்ணத் தகுதிச்சுற்றில் மலேசியா அங்கே 3-2 என வென்றது. முகமது சுமாரே கடைசி நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். ஆனால் ஆட்டத்தின் நடுவே மலேசிய ஆதரவாளர் பகுதியை நோக்கிப் பொருள்கள் வீசப்பட்டன. உள்ளூர் ரசிகர்கள் சிலர் தடுப்புகளைத் தாண்டி நெருங்கியதால் ஆட்டம் சற்று நேரம் நிறுத்தப்பட்டது. அப்போதைய இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சர் சையட் சாடிக்கும் அரங்கில் இருந்தார். பின்னர் ஃபிஃபா இந்தோனேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம் விதித்தது.

மலேசியாவும் குற்றம் இழைத்ததுண்டு. 2014 டிசம்பர் 7 அன்று ஷா ஆலாமில் ஆசியான் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் வியட்நாமிடம் மலேசியா 1-2 எனத் தோற்றபோது, விருந்தினராக வந்திருந்த வியட்நாம் ரசிகர்களை மலேசியக் கூட்டத்தில் சிலர் தாக்கினர். அன்றைய இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கோரினார். நான்கு நாளில் ஹனோயில் மறு ஆட்டம். மலேசியா 4-2 என வென்று இறுதியாட்டத்துக்குப் போனது. சொந்த அரங்கில் நடந்த வன்முறையின் சுமை, எதிரியின் நகரத்துக்குப் போகும் சக ஆதரவாளர் தலையில்தான் விழுகிறது என்பதை அந்த நான்கு நாள் உணர்த்தியது. 2015 செப்டம்பரில் ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுடனான ஆட்டம், கூட்டத்திலிருந்து வீசப்பட்ட ஃபிளேர்களாலும் பட்டாசுகளாலும் முடியும் முன்பே கைவிடப்பட்டது. தண்டனைக்கு உள்ளானது மலேசியக் காற்பந்துச் சங்கம். அணியும் ஒழுங்கான ஆதரவாளர்களும் அதன் விளைவைச் சுமந்தார்கள்.

தோஹாவில் ஒரு தைப்பூசம்

2022 ஜூனில் புக்கிட் ஜாலிலில் வங்காளதேசத்தை 4-1 என வென்று மலேசியா ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. தகுதிச்சுற்றின் வழியாக மலேசியா அந்தப் போட்டிக்குப் போவது 1980க்குப் பிறகு அதுவே முதல்முறை. 2007இல் இணை ஏற்பாட்டு நாடு என்ற முறையில் ஆடியிருந்தது. போட்டி 2024 ஜனவரியில் கத்தாரில் தொடங்கியது. பல ஆண்டுகள் காத்திருந்த ஆதரவாளர்கள் மலேசியாவிலிருந்து தோஹாவுக்குப் பறந்தார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் மலேசியர்களும் அங்கே அவர்களுடன் சேர்ந்தார்கள்.

ஜோர்தானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1 எனத் தோற்றதும் அடுத்த சுற்று வாய்ப்பு போய்விட்டது. கடைசிக் குழு ஆட்டம் ஜனவரி 25 அன்று தென்கொரியாவோடு. அன்று தைப்பூசம். பத்துமலையிலும் சிரம்பானிலும் பக்தர்கள் காவடியோடு நடந்த அதே நாளின் மாலையில், மலேசிய நேரப்படி இரவு ஏழரைக்கு, அல் ஜனூப் அரங்கில் ஆட்டம் தொடங்கியது. உலகத் தரவரிசையில் 130ஆம் இடத்தில் இருந்த மலேசியா, 23ஆம் இடத்தில் இருந்த கொரியாவுக்கு எதிராக ஃபைசால் ஹாலிம், அரிஃப் ஐமான் ஆகியோரின் கோல்களால் முன்னிலை பெற்றது. கொரியா திரும்பி வந்து 3-2 எனத் தாண்டியது. ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நேரத்தின் கடைசித் தருணத்தில் ரோமெல் மொராலெஸ் அடித்த கோல் ஆட்டத்தை 3-3 எனச் சமன் செய்தது. போட்டியிலிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணிக்காக அரங்கில் நின்றவர்களுக்குக் கிடைத்த பலன் அந்தச் சமநிலை. வெற்றி உறுதியான இடத்துக்கு மட்டும் போவது ஆதரவு ஆகாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று அண்மைக்காலத்தில் இல்லை.

தொலைவிலுள்ள கழகங்கள்

இன்னொரு வகைப் பயணமும் உண்டு. லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் போன்ற இங்கிலாந்துக் கழகங்களுக்கு மலேசியத் தமிழர்களிடையே தலைமுறை கடந்த ஆதரவு இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் மாமாக் கடைகளில் கூடித் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறையாவது அந்தக் கழகத்தின் சொந்த அரங்கில் அமர வேண்டும் என்பது பெருங்கனவு. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்திலேயே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய கழகங்களின் நுழைவுச்சீட்டுகள் முதலில் உறுப்பினர்களுக்கே கிடைக்கின்றன. பதிவுபெற்ற ஆதரவாளர் சங்கத்தின் வழியாகவோ கழகத்தின் சொந்த விற்பனை வழியாகவோ வாங்குவதே பாதுகாப்பானது. ஒளிபரப்புக்காக ஆட்ட நாளும் நேரமும் மாற்றப்படுவது அங்கே வழக்கம். ஆகவே ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு நாள் இடைவெளி விட்டே விமானச்சீட்டு வாங்க வேண்டும்.

அவ்வளவு தொலைவு போக இயலாதவர்களுக்குக் கழகங்களே அருகில் வருகின்றன. மான்செஸ்டர் யுனைடெட் 2009இலும் லிவர்பூல் 2011, 2015இலும் கோலாலம்பூரில் ஆடின. 2022 ஜூலையில் லிவர்பூலும் 2025 ஜூலையில் ஆர்சனலும் சிங்கப்பூர் தேசிய அரங்கில் களமிறங்கின. 2025 மே 28 அன்று புக்கிட் ஜாலிலில் ஆசியான் நட்சத்திர அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்றது. தம்பினிலிருந்து ஒரே நாளில் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இந்த ஆட்டங்கள் நடப்பதால், குடும்பத்தோடு போக விரும்புவோர் இவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பயணத்தின் கணக்கு

வெளிநாட்டு ஆட்டத்துக்குப் போவோரை முதலில் கட்டுப்படுத்துவது பணத்தைவிட விடுப்பு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என்பது குறைந்தபட்ச ஊதிய விடுப்பு. அனைத்துலக ஆட்டங்கள் பல வியாழனிலும் செவ்வாயிலும் வருகின்றன. ஜகார்த்தாவுக்கோ ஹனோய்க்கோ ஒருமுறை போய்வந்தால் இரண்டு மூன்று நாள் போய்விடும். தீபாவளிக்கும் குடும்பத்துத் திருமணத்துக்கும் வேண்டிய விடுப்பிலிருந்துதான் இதையும் ஈடுசெய்ய வேண்டும்.

அடுத்தது நுழைவுச்சீட்டு. வருகை அணியின் ஆதரவாளர்களுக்கு அரங்கின் ஒரு சிறு பங்கே ஒதுக்கப்படுகிறது. உலகக்கிண்ணப் போட்டியில் ஒவ்வோர் அணியின் ஆதரவாளர்களுக்கும் விற்பனைக்குரிய இருக்கைகளில் 8 விழுக்காடு என்பது ஃபிஃபாவின் ஒதுக்கீடு. ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் அது குறைந்தது 5 விழுக்காடு. இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் வருகை ஆதரவாளர் சீட்டின் விலை 2016 முதல் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இடப்பட்டிருக்கிறது. தென்கிழக்காசியாவில் சீட்டுகள் பெரும்பாலும் இரு நாட்டுச் சங்கங்களின் வழியாகவே கைமாறுகின்றன. தேசியச் சங்கத்தின் அறிவிப்பு வருமுன் விமானச்சீட்டு வாங்குவது இடருக்குரியது. கறுப்புச் சந்தையில் வாங்கிய சீட்டு உள்ளூர் ரசிகர்களின் நடுவே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். பணம் வீணாவதைவிட அது பெரிய ஆபத்து.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ஆசியான் நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மலேசியர்கள் குறுகியகாலப் பயணமாக விசா இன்றிப் போகலாம். ஆனால் சிங்கப்பூரும் தாய்லாந்தும் வருகைக்கு முன் இணையத்தில் நிரப்பும் மின்னியல் வருகைப் படிவத்தைக் கேட்கின்றன. இருபது பேர் கொண்ட குழுவில் ஒருவர் அதை மறந்தாலும் குடிநுழைவு முகப்பில் எல்லாரும் காத்து நிற்க நேரும். ஜொகூர் பாலத்தில் வெள்ளி மாலையிலும் விடுமுறை நாளிலும் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், சிங்கப்பூர் ஆட்டத்துக்குப் போகும் பேருந்து காலையிலேயே கிளம்புவது நல்லது.

செலவைக் குறைக்கும் வழிகள் ஆதரவாளர் குழுக்களுக்கு அத்துப்படி. ஆட்ட அட்டவணை வந்தவுடன் மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்குவது, மலிவு விமானச் சேவையின் முன்பதிவு, ஓர் அறையை நாலு பேர் பகிர்ந்துகொள்வது, வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது ஆகியவை அவற்றுள் சில. கணக்கை ஒருவர் எழுதி எல்லாருக்கும் காட்டும் குழு நீடிக்கிறது. காட்டாத குழு ஒரு பயணத்தோடு கலைகிறது.

அரங்கில் ஒழுங்கு, வீதியில் கவனம்

உலகக் காற்பந்து வரலாறு பயண ஆதரவின் இரு முகங்களையும் கண்டிருக்கிறது. 1985 மே 29 அன்று பிரசல்ஸின் ஹேசல் அரங்கில் லிவர்பூல், யுவெண்டஸ் ஆதரவாளர்களிடையே ஏற்பட்ட மோதலிலும் சுவர் இடிபாட்டிலும் 39 பேர் இறந்தனர். இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 2003இல் ஸ்பெயினின் செவில்லில் நடந்த ஐரோப்பியக் கழகப் போட்டியொன்றின் இறுதியாட்டத்துக்கு ஸ்காட்லாந்தின் செல்டிக் ஆதரவாளர்கள் சுமார் 80,000 பேர் திரண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் நுழைவுச்சீட்டே இல்லை. அணி தோற்றும் அமைதி காத்ததற்காக ஃபிஃபாவின் நேர்மை விருது அந்த ஆதரவாளர்களுக்கு வழங்கப்பட்டது.

அருகிலுள்ள பாடம் கிழக்கு ஜாவாவின் மாலாங்கில் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று கஞ்சுருஹான் அரங்கில் காவலர்கள் வீசிய கண்ணீர்ப்புகையால் ஏற்பட்ட நெரிசலில் 135 பேர் இறந்தனர். மோதலை அஞ்சி வருகை அணியின் ஆதரவாளர்கள் அன்று அனுமதிக்கப்படவே இல்லை. ஆதரவாளரை வெளியே நிறுத்திவிடுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதை அந்தப் பேரிழப்பு காட்டியது. கதவுகளும் படிகளும் வெளியேறும் வழிகளும், காவலர்களின் பயிற்சியும் சேர்ந்தே பாதுகாப்பைத் தருகின்றன.

ஆகவே வெளிநாட்டு அரங்கில் கால் வைக்கும் குழு சில வழக்கங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். அணியின் ஜெர்சியை அரங்குக்கு அருகில் வந்த பிறகு அணிவது, காவல்துறை குறித்த இடத்தில் கூடிச் சேர்ந்தே நுழைவது, வெளியேறும் வழியை உட்காருமுன் பார்த்து வைப்பது ஆகியவை முதல் கட்டம். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை வருகை ஆதரவாளர்களை உள்ளேயே நிறுத்தி வைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்று கணக்கிட்டே திரும்பும் வண்டியை ஏற்பாடு செய்ய வேண்டும். ஃபிளேரும் பட்டாசும் கொண்டுபோகக் கூடாது. முரசுக்கும் பெரிய பதாகைக்கும் முன் அனுமதி தேவை. இனத்தையும் சமயத்தையும் நாட்டையும் இழிவுபடுத்தும் முழக்கம் ஒருவர் வாயிலிருந்து வந்தாலும் தண்டனை சங்கத்துக்குப் போகிறது.

பெண்களும் சிறுவர்களும் உடன் வரும் குழுக்களில் ஒழுங்கு தானாகவே கூடுகிறது. புதிதாகப் போகும் இளைஞரை அனுபவமுள்ள ஒருவரோடு இணைப்பது, ஒவ்வொருவரின் இரத்த வகையும் உறவினர் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியலைத் தலைவர் வைத்திருப்பது, பயணக் காப்புறுதி எடுப்பது, பெரிய குழுவாயின் வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிவு செய்வது ஆகியவை பெரிய செலவில்லாத காப்புகள். கடப்பிதழ் தொலைந்தாலோ யாரேனும் காயமடைந்தாலோ உதவிக்கு வருவது அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகம். அதன் முகவரி கிளம்பும் முன்பே எல்லார் கையிலும் இருக்க வேண்டும்.

அணிக்குக் கிடைப்பது

வருகை ஆதரவாளர்களால் ஆட்டத்தின் முடிவு மாறுமா என்பதை அளந்து சொல்வது கடினம். ஆனால் காற்பந்தில் சொந்த அரங்கில் ஆடும் அணிக்கு அனுகூலம் உண்டு என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. அந்த அனுகூலத்தின் ஒரு பகுதி கூட்டத்தின் குரலிலிருந்து பிறக்கிறது. எதிரணியின் அரங்கில் ஒரு மூலையிலிருந்து எழும் குரல் அந்த ஏற்றத்தாழ்வைச் சற்றே குறைக்கிறது. தோற்ற ஆட்டத்துக்குப் பின்னும் ஆட்டக்காரர்கள் அந்த மூலைக்கு நடந்துபோய்க் கைதட்டி நன்றி சொல்வது, அந்தக் குரலின் மதிப்பை அவர்கள் அறிந்திருப்பதால்தான்.

தம்பின் போன்ற ஊர்களுக்கு இந்தப் பயணத்தில் கூடுதலான ஒரு பயனும் உண்டு. திடல்கள் குறைந்துவிட்ட தோட்டப்புறத்தில், அணியைத் தேடிப் போகும் குழுக்கள் வெவ்வேறு இனத்து இளைஞர்களை ஒரே பேருந்தில் ஏற்றுகின்றன. கூட்டாகப் பணம் சேர்க்கவும், கணக்குக் காட்டவும், தோல்வியைத் தாங்கவும், அயல்நாட்டில் நாட்டின் பெயரைக் காக்கவும் பழக்குகின்றன. அந்தப் பழக்கம் தொடர வேண்டுமானால் மாவட்ட நிலையில் இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். எஞ்சியுள்ள திடல்களைத் தோட்ட நிர்வாகங்களும் ஊராட்சியும் ஆடத்தக்க நிலையில் பேண வேண்டும். தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் காற்பந்து அணிகள் முறையான பயிற்சியோடு இயங்க வேண்டும். திடலில் ஆடி வளரும் பிள்ளைகளிலிருந்தே நாளைய ஆட்டக்காரர்களும், அவர்களைப் பின்தொடர்ந்து எல்லை தாண்டும் ஆதரவாளர்களும் வருவார்கள்.